கடைசி மேசையில் சிறு ஜோடிகள்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் அலைபேசியில் அழைத்து, "அண்ணா, போக்கர் டோர்னமென்ட் கடைசில இரட்டை அஞ்சு வந்தா என்னண்ணா பண்றது? ஒவ்வொரு தடவையும் அதுலதான் வெளிய போறேன்" என்று கேட்டார். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில்தான். ஆனால் அதற்கு முந்தைய ஞாயிறன்றுதான் நானும் இரட்டை மூன்றை வைத்துக்கொண்டு வெளியேறியிருந்தேன். ஆறாத கோபத்தோடு எதையாவது சொல்லி அவரைக் குழப்ப வேண்டாம் என்று எண்ணி, எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். எழுதத் தொடங்கிய பிறகும் அந்தக் கோபம் முழுதாக ஆறவில்லை என்பதை வாசிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆட்டம் கிருஷ்ணகிரியில், நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் நடக்கிறது. ஒன்பது பேர், பிளாஸ்டிக் சிப்புகள், ஒரு தூக்கு நிறையத் தேநீர், ஒரு பொட்டலம் நிப்பட்டு, பணம் கிடையாது. முதல் மூன்று இடங்களுக்கு ஐந்து, மூன்று, இரண்டு என்று புள்ளிகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். நான் மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்ப்பவன் என்பதால் மே முதல் ஜூலை வரை என்னால் வர இயலாது. மற்ற மாதங்களில் தவறுவதில்லை. கைப்பேசியில் பணம் கட்டி ஆடிய பழக்கம் சிலருக்கு இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்த பிறகு, அவர்களும் மாடிக்கே வந்துவிட்டார்கள்.

நாங்கள் ஆடும் போக்கரில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து; இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. சிறு ஜோடி என்று நான் சொல்வது கையில் வரும் இரட்டை இரண்டு முதல் இரட்டை ஆறு வரை. ஆட்டத்தின் தொடக்கத்தில் இவை அருமையான சீட்டுகள் என்பதில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. நூறு பிளைண்டுக்குச் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டும் கட்டாயப் பந்தயம், சிறியது ஒன்று, பெரியது ஒன்று; கணக்கு பெரியதில்) சிப் இருக்கும்போது மலிவாக ஃப்ளாப்பை, அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டுகளை, பார்க்கலாம். அதே எண்ணில் மூன்றாவது சீட்டு வந்து செட் ஆனால் எதிராளியின் பெட்டியையே காலி செய்யலாம், வராவிட்டால் வருத்தமின்றிக் கீழே போடலாம். எல்லாத் தகராறும் கடைசிக் கட்டத்தில்தான் தொடங்குகிறது. அதற்குப் பாதிக் காரணம் நம் ரம்மிப் பழக்கம் என்று நினைக்கிறேன். சிறு வயதிலிருந்து ரம்மி ஆடி வளர்ந்த கைக்கு ஒரு ஜோடியைக் கண்டதும் மூன்றாவதற்காகக் காத்திருப்பது இயல்பாகவே வந்துவிடுகிறது. ரம்மியில் காத்திருக்க நேரம் உண்டு, சீட்டு மாற்ற வழியும் உண்டு. போக்கரில் ஃப்ளாப்பில் அந்த மூன்றாவது சீட்டு வருவது ஏறக்குறைய எட்டரை முறைக்கு ஒரு முறை. இருபது பிளைண்ட் மட்டும் மிச்சம் வைத்திருப்பவர், ஒவ்வொரு முறையும் இரண்டேகால் பிளைண்ட் கொடுத்து அந்த ஒரு முறைக்காகக் காத்திருந்தால், செட் வருவதற்குள் அவருடைய நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்து நிப்பட்டு தின்றுகொண்டிருப்பார்.

ஆகவே கடைசிக் கட்டத்தில் இந்தச் சீட்டுகளுக்கு ஒரே ஒரு நல்ல பயன்தான் உண்டு. நமக்கு முன்னால் யாரும் கை வைக்காதபோது, நாமே முதலில் எல்லாச் சிப்பையும் தள்ளிவிடுவது. நான்கு ஆண்டுகளில் எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்த பயன்பாடும் இதுதான். பத்து பிளைண்டோடு பட்டனில், அதாவது பிளைண்ட் கட்டிய இருவருக்குச் சற்று முன் பேசும் இடத்தில், அமர்ந்து இரட்டை மூன்றைத் தள்ளும்போது எனக்குப் பின்னால் இருவர்தான். அவ்விருவரில் ஒருவரிடமாவது என்னைவிடப் பெரிய ஜோடி இருக்கும் வாய்ப்பு பத்துக்கு ஒன்றுதான். இருவரும் கீழே போட்டால் பிளைண்டுகளும் ஆன்டியுமாக (ஒவ்வொரு கைக்கும் கட்டும் இன்னொரு கட்டாயத் தொகை) இரண்டரை பிளைண்ட் சும்மா வருகிறது. அதாவது சிப்பு கால் பங்கு கூடிவிடுகிறது. இதே சீட்டை மேசையின் முதல் ஆளாக, எட்டுப் பேர் பின்னால் இருக்கத் தள்ளினால், யாரோ ஒருவரிடம் பெரிய ஜோடி இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றைத் தாண்டிவிடும். அப்படிச் சிக்கினால் நாம் பிழைப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை. சீட்டு அதேதான், உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு.

மற்றவர் தள்ளிய பிறகு சிறு ஜோடியோடு கால் செய்வதை, அதாவது அதே அளவு சிப்பு வைத்து எதிர்கொள்வதை, பற்றி எனக்கு நல்ல சொல் எதுவும் இல்லை. என் சொந்த நோட்டில் நான் தள்ளியவற்றை இடப்பக்கமும், கால் செய்தவற்றை வலப்பக்கமும் எழுதி, தோற்ற கைகளைச் சிவப்பு மையால் குறித்து வருகிறேன். வலப்பக்கத்தைப் பார்த்தால் பள்ளி ஆசிரியர் திருத்திக் கொடுத்த விடைத்தாள் போலிருக்கும். இதற்குக் கணக்கும் உண்டு. நான்கு பேர் சமமான சிப்போடு மிஞ்சியிருக்கிறார்கள், மூவருக்குத்தான் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஐந்து, மூன்று, இரண்டு என்ற பங்கீட்டில் அப்போது ஒவ்வொருவரின் இடமும் சராசரியாக இரண்டரைப் புள்ளி பெறும். கால் செய்து வென்று சிப்பை இரட்டிப்பாக்கினால் என் இடத்தின் மதிப்பு ஐந்தாக உயர்வதில்லை, 3.83 ஆகத்தான் உயர்கிறது, தோற்றால் பூச்சியம். ஆகவே அந்தக் கால் நியாயப்பட நூற்றுக்கு 65 முறையாவது நான் வெல்ல வேண்டும். இரட்டை மூன்றுக்கு எதிராளியின் கையில் ஏஸும் ராஜாவும் இருந்தாலே வெற்றி நூற்றுக்கு 52, 53தான். ஒரே பூவில் ஜாக்கியும் பத்தும் வைத்திருப்பவருக்கு எதிரே இரட்டை இரண்டு பின்தங்கியே நிற்கிறது. ஜோடி என்ற பெயர் இருப்பதால் மட்டும் அது முன்னால் இருப்பதாக நம்புவது, கல்யாணப் பத்திரிகையைக் காட்டிக் கடன் கேட்பது போன்றது.

என்னைத் தொடர்ந்து எரிச்சலூட்டுவது இதுவும் அல்ல. பெரிய ஜோடியிடம் தோற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். எதிராளிக்கு ஒரு சீட்டும் பொருந்தாமல், என் ஜோடி மேசையிலேயே செத்துப்போவதைத்தான் பொறுக்க முடிவதில்லை.

அந்த ஞாயிறன்று நால்வர் மிஞ்சியிருந்தோம். ஒன்பது பிளைண்டோடு பட்டனில் இரட்டை மூன்றைத் தள்ளினேன். அதாவது மேலே நானே பரிந்துரைத்த அதே செயல். பெரிய பிளைண்டில் இருந்த, தபால் துறையில் ஓய்வு பெற்ற அண்ணன், ஏஸும் ஒன்பதும் வைத்துக் கால் செய்தார். ஃப்ளாப்பில் ராஜா, ராஜா, ஏழு. நல்லது. டர்னில், அதாவது நான்காவது பொதுச் சீட்டாக, நான்கு. சுற்றியிருந்தவர்கள் "ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றார்கள். நானும் நிம்மதியாகத் தேநீர்க் குவளையை எடுத்தேன். ரிவரில், அதாவது கடைசிச் சீட்டாக, இன்னொரு ஏழு விழுந்தது. அண்ணனுக்கு ஏஸும் வரவில்லை, ஒன்பதும் வரவில்லை என்பதால் நான் சிப்புகளை இழுக்கக் கை நீட்டினேன். அவரோ விரலால் ஒவ்வொரு சீட்டாகத் தொட்டு, மணியார்டர் எண்ணுவது போல, "ராஜா ரெண்டு, ஏழு ரெண்டு, அப்புறம் என் ஏஸ்" என்று எண்ணிவிட்டு, "தம்பி, உன் மூணு எங்க? மேசையில கிடக்கிற நாலுகூட அதைவிடப் பெருசு" என்றார்.

உண்மைதான். என்னுடைய சிறந்த ஐந்து சீட்டுகளில் என் கையிலிருந்த எதுவுமே இல்லை. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். ரிவருக்கு முன் அவரைக் காப்பாற்றக்கூடியவை மூன்று ஏஸ், மூன்று ஒன்பது ஆகிய ஆறு சீட்டுகள் என்றே நான் நினைத்திருந்தேன். மூன்று ஏழும் மூன்று நான்கும் சேர்ந்து அவை பன்னிரண்டாக இருந்திருக்கின்றன. மிச்சமிருந்த 44 சீட்டில் 12. "ஒண்ணும் இல்லை" என்று எல்லோரும் சொன்ன அந்த நான்குதான் மூன்று சீட்டைக் கூட்டிக் கொடுத்தது. அந்த இடத்தில் இரண்டு விழுந்திருந்தால் தீங்கில்லை. மூன்றைவிடச் சிறியது அது ஒன்றுதான். என்னிடம் இரட்டை எட்டு இருந்திருந்தால் இந்த ஏழாலும் நான்காலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. சிறு ஜோடியின் குறை, அது சிறியது என்பதைவிட, மேசையில் விழும் ஏறக்குறைய எந்தச் சீட்டும் அதைவிடப் பெரியது என்பதில்தான் இருக்கிறது. இந்தக் குறை, தள்ளுவதற்கு முன் போடும் கணக்கில் நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இச்சீட்டுகளின் மீது உலகத்துக்கு இவ்வளவு ஆசை இருப்பதற்கு ஜோ கேடாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 2009இல் லாஸ் வேகஸில் போக்கர் உலகத் தொடரின் முதன்மை ஆட்டத்தை 21 வயதில் வென்றவர். அந்தக் கடைசி மேசையில் இரட்டை மூன்றோடு இரட்டை ஜாக்கியிடமும், இரட்டை இரண்டோடு இரட்டை ராணியிடமும் சிக்கி, இரண்டு முறையும் ஃப்ளாப்பிலேயே செட் அடித்துப் பிழைத்தார். இரண்டும் சேர்ந்து நடக்க இருபத்தைந்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. எங்கள் மாடியில் கால் செய்து தோற்கும் ஒவ்வொருவரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். 2015இன் கடைசிக் கையில் இரட்டை நான்கை வைத்துக்கொண்டு, ஏஸ்-பத்து வைத்திருந்த ஜோ மெக்கீனிடம் தோற்ற ஜோஷ் பெக்லியின் பெயரை யாரும் சொல்வதில்லை.

மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு இரண்டு. மேலே எழுதியதை வைத்துப் பார்த்தால் இது அநியாயம் என்று எனக்கே தெரிகிறது. பட்டனிலிருந்து தள்ளிய இடப்பக்கக் கைகள் எனக்குத் தந்த புள்ளிகளை நோட்டு மறைக்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேன். இப்போது அந்த இரண்டாவது ஏழு கண்ணிலேயே நிற்கிறது.

தம்பி, உங்கள் இரட்டை ஐந்துக்குப் பதில்: உங்களுக்கு முன்னால் யாரும் தள்ளவில்லை, பின்னால் இரண்டு மூன்று பேர்தான், கையில் பத்துப் பன்னிரண்டு பிளைண்ட் என்றால், யோசிக்காமல் தள்ளுங்கள். யாராவது முந்திக்கொண்டு தள்ளிவிட்டால், சிப்பு மிகக் குறைந்துபோன நிலையைத் தவிர மற்ற எப்போதும் கீழே போட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிறு மாடிக்கு வாருங்கள். தபால்கார அண்ணன் பெரிய பிளைண்டில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவர் ஏஸைக் கண்டால் கீழே போடமாட்டார்.