தாருக்குக் கோடு வெட்டிய பிரேக் டிஸ்க்: டெல்டா சேற்றுக்கு ஏற்றதா?

வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நினைத்து மஹிந்திரா தாருக்குக் கோடு வெட்டிய டிஸ்க், அதாவது முகத்தில் பள்ளக் கோடுகள் இழுத்த பிரேக் டிஸ்க், வாங்க வேண்டாம். விட்டமும், பேடு என்ற உராய்வுக் கட்டையை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரும் அதேதான் என்றால், காய்ந்த சாலையில் ஒரே மிதிக்குக் கிட்டத்தட்ட ஒரே பிடிதான் கிடைக்கும். சேறும் தண்ணீரும் பட்டபின் முதல் மிதியிலேயே பிரேக் பிடிக்கிறதா என்பதில்தான் வித்தியாசம் தெரியும். காவிரி டெல்டாவில் ஓடும் வண்டிக்கு அந்த முதல் மிதி பெரிய விஷயம்.

நடவு நேரத்தில் கேஜ் வீல் டிராக்டர் வயலிலிருந்து ஏறும் இடத்தில் சாலை முழுக்கக் களி அப்பிக் கிடக்கும். மழைக்குப் பிறகு வெண்ணாற்றுக் கரையிலோ கொள்ளிடக் கரையிலோ ஓட்டினால் சந்தனம் அரைத்தது போன்ற வண்டலைச் சக்கரம் வாரி இறைக்கும். அது டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே படலமாகப் பரவும். வழவழப்பான டிஸ்க்கில் அந்தப் படலம் தேய்ந்து போகும்வரை, மிதி இறங்கினாலும் பிடிப்பு வராது. கோடு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பேடின் முகத்தை வழித்துக்கொண்டே போகும். சேற்றில் ஓடிவந்த வண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். கோட்டுக்குள் சாம்பல் நிறக் களிம்பு அடைந்து, வெளிமுனையில் திரண்டு நிற்கும். அந்த ஒரு காட்சிக்காகவே இந்த டிஸ்க்குக்கு மதிப்பெண் கொடுக்கலாம்.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஆனால் டெல்டாவுக்கு ஆகாது. துளைக்குள் களி புகுந்து வெயிலில் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். கம்பியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். சூடேறி ஆறும்போது விரிசலும் துளை ஓரத்திலிருந்துதான் தொடங்கும். துளையும் கோடும் சேர்ந்து வரும் டிஸ்க்கிலும் இதே தொல்லை உண்டு.

கடலோரத்துக்காரர்கள் கோட்டைவிட மேற்பூச்சைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உப்புக்காற்றில் ஒரு ராத்திரி நின்றாலே வெறும் வார்ப்பிரும்பு செம்பழுப்பாகிவிடும். பேடு தேய்க்கும் முகத்தில் வரும் துரு நாலு மிதியில் போய்விடும். டிஸ்க்கின் நடுவில் கிண்ணம் போல் இருக்கும் பகுதியிலும், இரண்டு முகங்களுக்கு நடுவே ஓடும் காற்றுப்பாதையிலும் வரும் துரு போகாது. துத்தநாகப் பூச்சு உள்ள டிஸ்க்கை வாங்குங்கள்; காற்றுப்பாதைக்கு உள்ளேயும் பூச்சு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய டயர் போட்டவர்களுக்கு ஒரு கணக்கு. 245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மி.மீ. 33 அங்குல டயர் 838 மி.மீ. டிஸ்க் மாறாமல் டயர் மட்டும் வளர்ந்தால், அதே மிதிக்குச் சாலையில் கிடைக்கும் நிறுத்து விசை ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். டயரின் எடை வேறு கூடும். கோடு வெட்டிய டிஸ்க் இதை ஈடுகட்டாது. விட்டம் பெரிய டிஸ்க் அல்லது பிடிப்பு கூடிய பேடுதான் ஈடுகட்டும். பேடின் முதுகிலோ ஓரத்திலோ இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது ஆறிய நிலையில் பிடிப்பு, இரண்டாவது சூடான நிலையில் பிடிப்பு. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டும் எஃப்புக்குக் குறையாத செமி மெட்டாலிக் பேடு இந்த டிஸ்க்குக்குப் பொருந்தும். பழைய பேடை அப்படியே மாட்டாதீர்கள். பழைய டிஸ்க்கின் வரிகளோடு தேய்ந்த பேடு, புது டிஸ்க்கில் திட்டுத் திட்டாகத்தான் உட்காரும்.

மாட்டும் வேலையில் கெடுவது பெரும்பாலும் டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் ஹப்பில்தான். டிஸ்க் உட்காரும் முகத்தில் துருப்பொருக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் வெளி விளிம்பில் ஆட்டம் பெருகிவிடும். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்து இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். டிஸ்க்கை மாட்டி, எல்லா வீல் நட்டையும் வாஷர் கொடுத்து இறுக்கி, விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்து டிஸ்க்கைச் சுற்றுங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 0.1 தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். கேஜ் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். காற்றுப்பாதைத் தடுப்புகள் வளைந்திருந்தால் இடம், வலம் பார்த்து மாட்ட வேண்டும்: டிஸ்க்கின் மேல்பகுதியில், உள்ளிருந்து வெளியே வரும் தடுப்பு வண்டியின் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியில் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் டப்பாவிலிருந்து கொஞ்சம் பிரேக் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பொங்கி வழிந்தால் பெயின்ட் போய்விடும். காலிப்பர் நகர்ந்து போகும் ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் பூட் ஊதிப்போகும், கிழிந்த பூட் வழியே சேற்றுத் தண்ணீர் ஏறிப் பின் இறுகும். உள் பேடு தகடு வரை தேய்ந்து வெளிப் பேடு பாதிக்கு மேல் இருந்தால், முதலில் அந்தப் பின்னைத்தான் பார்க்க வேண்டும். வீல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முடிக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள்.

அடுத்து பேடைப் பழக்குவது. பின்னால் வண்டி வராத நேரான சாலையில், 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு மிதமாக எட்டுப் பத்து முறை. பிறகு 80லிருந்து 15க்குச் சற்று அழுத்தி ஐந்தாறு முறை. இடையில் எங்கும் முழுதாக நிற்கக் கூடாது. முடிந்ததும் பிரேக் தொடாமல் 10 நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு மிதித்தபடி நின்றால் பேடின் பொருள் அந்த இடத்தில் அச்சாகப் பதியும். பிறகு ஸ்டீயரிங் ஆடும்; கடையில் டிஸ்க் பெண்டு என்பார்கள். அனேகமாக அது பெண்டாக இருக்காது. பதிவால் வரும் 0.02 மி.மீ. தடிமன் வேறுபாடே காலில் தெரிந்துவிடும்.

குறைகளும் உண்டு. வேகத்திலிருந்து பிடிக்கும்போது உர்ரென்று ஒரு சத்தம் வரும், அது இயல்பு. பேடு சீக்கிரம் தேயும். தேய்ந்த டிஸ்க்கை லேத்தில் பேஸிங் போடுவதும், அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்குவதும், எளிதல்ல. கோட்டில் டூல் தட்டித் தட்டிப் போகும், முகம் அலையாகிவிடும். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் வந்துவிட்டால் மாற்றுவதுதான் வழி. விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பின் மேல் அளக்காமல், பேடு படும் இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளங்கள்.

தஞ்சை–திருச்சி சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல பேடும் புது பிரேக் ஆயிலும் போடுங்கள். டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் உறிஞ்சியபின் 155 டிகிரி. நம் ஊர் ஈரக்காற்றில் 2 வருஷத்துக்கு மேல் விட்ட ஆயிலோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால், எந்த டிஸ்க் போட்டாலும் ஆயில் கொதித்து, மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

மூன்று கதவுத் தாரின் பின் சக்கரத்தில் டிரம் பிரேக்தான். வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறினால் முன் டிஸ்க் சில மிதியில் காய்ந்துவிடும். டிரம் அவ்வளவு சீக்கிரம் காயாது. கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை நாலைந்து முறை லேசாக அழுத்திப் பிடியுங்கள். சம்பா நடவு முடிந்ததும் டிரம்மைக் கழற்றி, லைனிங் ஓரத்தில் படிந்த வண்டலை பிரேக் கிளீனரால் கழுவுங்கள். ஓடிவந்த சூட்டில் டிஸ்க் மேல் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறியதும், ஆனால் களி காய்ந்து இறுகுவதற்குள், உள்பக்கத்திலிருந்து காற்றுப்பாதை வழியே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.