கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம்: உங்கள் கேமரா பாடியில் இந்த லென்ஸ் 50-ஆ, 80-ஆ?

கேனான் 1500டி கேமரா வைத்திருப்பவர்கள், அதோடு வரும் கிட் லென்ஸுக்கு அடுத்து பெரும்பாலும் வாங்குவது இதைத்தான். விலை குறைவு, பின்னணி அழகாக மங்கும். ஆனால் வீட்டுக்குள் மாட்டிப் பார்த்தால், சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போனாலும் ஆள் முழுசாக ஃபிரேமுக்குள் வரமாட்டார். லென்ஸில் கோளாறு இல்லை, கணக்குதான் வேறு.

எந்தப் பாடியில் மாட்டினாலும் இதன் குவியத் தூரம் 50 மி.மீ.தான். லென்ஸ் விழவைக்கும் பிம்பத்தில், படத்தைப் பதியும் சென்சார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதுதான் மாறும். ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சார் 36×24 மி.மீ.; 35 மி.மீ. ஃபிலிமும் அதே அளவு. 'கிராப் பாடி' எனப்படும் 1500டி-யில் 22.3×14.9 மட்டுமே. நாலு பக்கமும் வெட்டுப்பட்டு, ஃபுல் ஃபிரேமில் 80 மி.மீ. லென்ஸ் காட்டுகிற அளவே மிஞ்சும். 50-ஐ 1.6-ஆல் பெருக்கச் சொல்வது இதற்காகத்தான். கேமராவை நெட்டாகப் பிடித்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு ஒருவரை முழுதாக எடுக்க ஃபுல் ஃபிரேமில் 9 அடி போதும். 1500டி-யில் 15 அடி வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் நடக்காது.

முகத்துக்கு அதே வெட்டு வரமாகிறது. தலையும் தோளும் நிறைய ஃபுல் ஃபிரேமில் மூன்றடிக்குள் நெருங்க வேண்டும், மூக்கு புடைத்துத் தெரியும். 1500டி-யில் நாலரை அடியில் நிற்கலாம், முகம் இயல்பாக இருக்கும். லென்ஸை முழுதாகத் திறந்த எஃப் 1.8-இல் ஓரங்களில் வரும் இருட்டும் மழுங்கலும் பெரும்பாலும் சென்சாருக்கு வெளியே போய்விடும். எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) மாறாது, எஃப் 1.8 இரண்டிலும் எஃப் 1.8-தான்.

குறைகளும் உண்டு. நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது, கை நடுக்கமும் 1.6 மடங்காகத் தெரியும். ஷட்டர் 1/100 நொடியைவிட மெதுவாக வேண்டாம். ஃபோக்கஸ் வளையம் மோட்டார் வழியாக ஓடுவதால் கேமரா அணைந்திருந்தால் சும்மா சுற்றும். கிட்டத்தில் ஃபோக்கஸ் செய்தால் முன்குழல் நீளும். அப்படியே அணைத்துப் பையில் திணித்தால் இடிபடும், முதலில் தூரத்தில் ஃபோக்கஸ் செய்து உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் 49 மி.மீ.; பழைய 50 மி.மீ. லென்ஸின் 52 மி.மீ. ஃபில்டர் பொருந்தாது.

வீட்டு விசேஷங்கள்தான் முக்கியம் என்றால் ஈஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 வாங்குங்கள். முழு ஆளுக்கு 7 அடி போதும். 'கிராப் பாடிக்கென்றே செய்த லென்ஸ், பெருக்க வேண்டாம்' என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், அதுவும் 38 போலத்தான் தெரியும். நாளைக்கு ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரோ பழைய ஈஓஎஸ் ஃபிலிம் கேமராவோ வாங்கினால் அந்த 24 மாட்டாது. இந்த 50 மாட்டும், அங்கே 50-ஆகவே தெரியும்.