ஒரே குழாயா, தனிக் குழாயா: ரொறன்ரோ வீடுகளில் சூடேற்றமும் காற்றோட்டமும்

ஒன்ராறியோவில் 2017 ஜனவரி முதல் புதிய வீடுகளுக்கு எச்ஆர்வி எனப்படும் வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவி கட்டாயமாகிவிட்டது. வெளியேறும் பழைய காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் குளிர்காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் இக்கருவி, தரமானதாக இருந்தால், அவ்வெப்பத்தில் 60 முதல் 80 விழுக்காடு வரை மீட்டுவிடும். அதை, காற்றைச் சூடாக்கிக் குழாய்கள் வழியே வீடெங்கும் அனுப்பும் ஃபர்னஸின் குழாய்களோடு இணைப்பதா, அதற்கென்று தனிக் குழாய்கள் போடுவதா என்பதே வீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் இப்போது முடிவு செய்யவேண்டியது. வேலை விரைவில் முடியும், செலவும் குறையும் என்பதால் பல ஒப்பந்தகாரர்கள் இணைப்பதையே முன்மொழிகிறார்கள்.

இரண்டில் எது சரி என்பதைத் தீர்மானிப்பது, சூடேற்றம், காற்றோட்டம் ஆகிய இரு வேலைகளுக்கும் தேவைப்படும் காற்றின் அளவு. கனடிய காற்றோட்டத் தரநிலை பிரதான படுக்கையறைக்கு விநாடிக்கு 10 லீற்றர், மற்ற அறைகள் பலவற்றுக்கு 5 லீற்றர் என்று கணக்கிடுகிறது. நிலக்கீழ்த்தளத்தையும் சேர்த்தால் நடுத்தர வீடொன்றுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 60 லீற்றர், அதாவது மணிக்கு 216 கனமீற்றர் புதிய காற்று போதும். அதே வீடு பழையதாகவும், கழிக்குறி 20 பாகைக் குளிரில் 15 கிலோவாட் வெப்பத்தை இழப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அறைக் காற்றைவிட 30 பாகை கூடுதலாகச் சூடாக்கிய காற்றினால் அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டுமானால், மணிக்கு ஏறக்குறைய 1,500 கனமீற்றர் காற்று ஓடவேண்டும். சுவாசிப்பதற்குத் தேவையான காற்றைப்போல் இது ஏழு மடங்கு. இந்த இடைவெளி குறைந்தால் இரண்டையும் ஒரே கருவியிடம் ஒப்படைக்கலாம்; விரிந்தால் இணைப்பு ஏதோவொரு பக்கத்தில் இடறும்.

இடைவெளி மறைந்தே போகும் வீடுகளும் உண்டு. 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் முன்னின்று கட்டிய வீட்டிலிருந்து வளர்ந்த, மிகக் குறைந்த வெப்பமே தேவைப்படும் வீடுகளைக் கட்டும் பாசிவ் ஹவுஸ் முறையில், ஒருவருக்கு மணிக்கு 30 கனமீற்றர் காற்றும் 30 சதுரமீற்றர் தளமும் என்று கொள்கிறார்கள். தூசி கருகி மணக்காதிருக்க, உள்ளே விடும் காற்றை 52 பாகைக்கு மேல் சூடாக்குவதில்லை. இவற்றை வைத்துக் கணக்கிட்டால், காற்றோட்டக் காற்று மட்டுமே சுமக்கக்கூடிய வெப்பம் சதுரமீற்றருக்கு 10 வாட் என்று வருகிறது. வீட்டின் உச்சத் தேவையே அந்த எல்லைக்குள் அடங்கிவிடுவதால், காற்றோட்டம், சூடேற்றம், குளிக்கும் வெந்நீர் மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கிய கருவிகள் அங்கே நன்றாகவே வேலை செய்கின்றன. நமது 15 கிலோவாட் வீட்டில் அதே வழியில் கிடைப்பது சுமார் 2.3 கிலோவாட் மட்டுமே. ஆகவே ஐரோப்பிய விளம்பரப் படத்தைப் பார்த்து அத்தகைய ஒற்றைப் பெட்டியைத் தேடுமுன், வீட்டின் வெப்ப இழப்பை முறையாகக் கணக்கிட்டு வாங்க வேண்டும். சதுர அடியை வைத்து மதிப்பிட்டுச் சொல்லும் எண்ணை ஏற்கக்கூடாது.

இங்கு வழக்கமான இணைப்பு அதற்கு நேர்மாறானது. ஃபர்னஸின் பெரிய குழாய்களுக்குள் எச்ஆர்வியின் சிறிய ஓட்டத்தைக் கலந்துவிடுகிறார்கள். மிக எளிய வடிவத்தில், பழைய காற்றை எடுப்பதும் புதிய காற்றை விடுவதும் ஃபர்னஸுக்குத் திரும்பும் அதே குழாயில், ஒரு மீற்றர் அளவு இடைவெளியில் நடக்கும். ஃபர்னஸ் விசிறி ஓடாத வேளையில் புதிய காற்று படுக்கையறைகளை எட்டுவதற்கு உத்தரவாதமில்லை; அதில் ஒரு பகுதி வந்த வழியே வெளியேறவும் கூடும். எனவே எச்ஆர்வி ஓடும்போதெல்லாம் விசிறியும் ஓடுமாறு இணைக்க வேண்டும். பழைய வகை மோட்டார் 400 வாட் இழுத்தால், இடைவிடாத ஓட்டத்துக்கு மாதம் 288 யூனிட் மின்சாரம் செலவாகும். வேகத்தைக் குறைத்து ஓடக்கூடிய புதிய வகை மோட்டாருக்கு அதில் கால்பங்குகூட ஆகாது. கோடையில் இன்னொரு தொல்லை: குளிரூட்டி நின்ற பிறகும் விசிறி ஓடினால், அதன் குளிர்ச் சுருளில் படிந்த ஈரம் மறுபடியும் ஆவியாகி வீட்டுக்குள் வரும். இலையுதிர், வசந்த காலங்களில் ஃபர்னஸும் குளிரூட்டியும் வேலையின்றி இருக்க, காற்றோட்டத்துக்காக மட்டும் பெரிய விசிறியைச் சுழற்றுவது எனக்கு வீண்செலவாகவே படுகிறது.

குழாய்கள் ஏற்கெனவே உள்ள வீட்டில் சுவர்களை உடைக்காமல் செய்யக்கூடிய நடுவழியை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். குளியலறைகளிலிருந்து பழைய காற்றை எடுப்பதற்கு மட்டும் தனிக் குழாய்கள் போட்டு, புதிய காற்றை ஃபர்னஸின் திரும்பு குழாயில் சேர்ப்பதே அது. ஈரம் பிறக்கும் இடத்திலேயே அகற்றப்படுவதால் யன்னல் கண்ணாடிகளில் நீர் கோப்பதும் பூஞ்சணம் பிடிப்பதும் பெரிதும் குறையும். சமையலடுப்பின் புகையை இதற்குள் விடவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு எச்ஆர்விக்குள் வெப்பத்தை மாற்றிக் கொடுக்கும் பரிமாற்றியை அடைத்துவிடும் என்பதால், தாளிக்கும் வீடுகளுக்கு நேரே வெளியே தள்ளும் வலுவான விசிறி தனியாகவே வேண்டும்.

முழுவதும் பிரித்த அமைப்புக்குச் செலவு கூடும். மேற்கூரைக்கடியிலும் அலமாரி மூலைகளிலும் குழாய்களுக்கு இடம் ஒதுக்கவும் வேண்டும். சுவர்கள் திறந்திருக்கும் புதுக் கட்டுமானத்தில் இவை பெரிய தடைகளல்ல. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் கொடுக்கும், குழாய் தேவைப்படாத ஹீட் பம்ப்புகளைப் பொருத்துவோருக்கு இதைத் தவிர வேறு வழியுமில்லை. ஃபர்னஸ் பழுதானாலும் காற்றோட்டம் நிற்காது. ஒன்றை மாற்றும்போது மற்றதைத் தொடவேண்டியதில்லை. நிலக்கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவோருக்கு இந்த அமைப்பு இன்னும் முக்கியமானது. பகிர்ந்த குழாய்களில் ஒரு குடும்பத்தின் சமையல் மணமும், தீ நேர்ந்தால் புகையும், மற்றக் குடும்பத்தின் படுக்கையறைக்குப் போய்ச்சேரும். குழாயில் புகை உணரி வைத்து ஃபர்னஸை நிறுத்தும் ஏற்பாடு இருந்தாலும், மணத்தையும் நோய்க்கிருமிகளையும் அது தடுக்காது.

எந்த அமைப்பைத் தேர்ந்தாலும் இறுதிப் பணத்தைக் கொடுக்குமுன், உள்ளே வரும் காற்றையும் வெளியேறும் காற்றையும் கருவி வைத்து அளந்து சமப்படுத்திய பதிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியேற்றம் மிகுந்தால் குளிர்காற்று இடுக்குகள் வழியே உறிஞ்சப்படும்; உள்வரவு மிகுந்தால் ஈரக்காற்று சுவருக்குள் தள்ளப்பட்டு அங்கே உறையும்.