பேக்கப் இணையம் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் ஃபைபரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

வயதான பெற்றோரைச் சென்னையில் தனியே வைத்துவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். எங்களை ஏமாற்றியவர் குறிவைப்பது உங்களைப் போன்றவர்களைத்தான்.

வேளச்சேரி வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். வாசல் கேமரா, கேட் பூட்டு, தொட்டி மோட்டார் எல்லாம் ஒரே தானியங்கி அமைப்பில் இணைந்தவை. அப்பாவின் கட்டிலருகே ஓர் அவசரப் பொத்தானும் உண்டு. அழுத்தினால் பெங்களூரில் என் கைபேசி அலற வேண்டும். வீட்டின் ஃபைபர் இணைப்பு போனாலும் இது நடக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டாவது இணைய இணைப்பு (பேக்கப்) கேட்டோம். இரண்டு இணைப்புகளை ஏற்கும் ரவுட்டர், 4ஜி மோடம், ஓராண்டு சிம் ரீசார்ஜ் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு அந்த நிறுவுநர் பணம் வாங்கினார். ஃபைபர் மோடத்தையும் ரவுட்டரையும் இணைக்கும் லேன் கேபிளை ரவுட்டரிலிருந்து பிடுங்கிக் காட்டினார். சில நொடிகளில் இணைப்பு சிம்முக்கு மாறியது.

பிறகு ஒருநாள், சாலை தோண்டியவர்கள் ஃபைபரை அறுத்துவிட்டார்கள். அன்றிரவு அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. பொத்தானை அழுத்தினார், திரும்பத் திரும்ப அழுத்தினார். என் கைபேசிக்கு எதுவும் வரவில்லை. அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து பார்த்து, பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பி, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அம்மா எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் என்னை இன்னும் விடவில்லை.

நெட்வொர்க் வேலை தெரிந்த நண்பர் வந்து சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. லேன் கேபிளைப் பிடுங்கினால் எந்த ரவுட்டரும் உடனே உணர்ந்துகொள்ளும். தெருவில் ஃபைபர் அறுந்தால் நடப்பதோ வேறு. ஃபைபர் மோடத்தில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும், ஆனால் மோடத்துக்கு மின்சாரம் இருக்கும், லேன் கேபிளும் செருகியே இருக்கும். கேபிள் செருகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்படி எங்கள் ரவுட்டரை அவர் அமைத்திருந்தார். ஆகவே எல்லாம் சரியாக இருப்பதாகவே அது நம்பிக்கொண்டிருந்தது. கூகுளின் 8.8.8.8 போன்ற வெளி முகவரிகள் இரண்டுக்குச் சீராகப் பிங் (பதில் கேட்கும் சிறு செய்தி) அனுப்பி, இரண்டிலிருந்தும் பதில் வராவிட்டால் மாறும்படி வைத்திருக்க வேண்டும். அந்த வசதி அதே ரவுட்டரில் இருந்தது. அதைத் தொடாமல், தவறாமல் வெற்றி பெறும் ஒரு சோதனையை மட்டும் நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மாறியிருந்தாலும் பயனில்லை. ஓராண்டுக்குப் பணம் வாங்கிய சிம்மில் முதல் ரீசார்ஜுக்குப் பிறகு எதுவும் போடப்படவில்லை, டேட்டா திட்டம் எப்போதோ முடிந்திருந்தது. சிம் அவருடைய பெயரில் இருந்ததால் எங்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. சிம் கட்டாயம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

கேமராவிலும் கோளாறு. வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ஃபைபர் இணைப்பின் நிலையான ஐபி முகவரியில் (இணையத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கும் எண்) போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்து வைத்திருந்தார். மொபைல் இணைப்புகளில் பொதுவாக நமக்கென்று தனிப் பொது ஐபிவி4 முகவரி கிடைப்பதில்லை, பலர் ஒரே முகவரியைப் பகிர்கிறார்கள். அதனால் சிம்முக்கு மாறிய நேரத்தில் வெளியிலிருந்து அந்தக் கேமராவை எட்ட முடியாது. வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) மென்பொருளால் வீட்டிலிருந்தே வெளியே இணைப்பைத் தொடங்கும் வழியை முதலிலேயே அமைத்திருக்க வேண்டும்.

என்னை அதிகம் கோபப்படுத்துவது இன்னொன்று. அவர் போட்ட சுவிட்சுகளெல்லாம் இணையம் இல்லாவிட்டால் செயலிக்கு மசியாதவை. கூடத்து விளக்கைப் போட, கட்டளை எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வெள்ளம் சூழ்ந்து, மின்சாரமும் பல இடங்களில் மொபைல் சிக்னலும் போயின. அந்த நிலையில் இரண்டு இணைப்பும் சேர்ந்தே விழும். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட் சேவை முடங்கியபோது, வீட்டு இணையம் ஒழுங்காக இருந்தவர்களுக்கும் ரிங் கேமராக்களும் அலெக்ஸாவும் தகராறு செய்தன. ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள், இணையமின்றிக் கருவிகளை இணைக்கும் ஜிக்பீ கம்பியில்லா முறை போன்றவற்றால் வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும் அமைப்பை ஒரு வார்த்தையாவது அவர் சொல்லியிருக்கலாம். மோடமும் ரவுட்டரும் இன்வெர்ட்டர் வரிசையில்கூட இல்லை.

இப்போது பொத்தானை இணையத்திலிருந்து பிரித்துவிட்டோம். சிம்மிலிருந்து நேரடியாக எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் தொலைபேசி அழைப்பு போடும் கருவியோடு அது இணைந்திருக்கிறது. டேட்டா தேவையில்லை.

யாராவது உங்களுக்குச் செய்து காட்ட வந்தால், ஃபைபர் மோடத்தில் செருகியிருக்கும் பச்சை முனை ஃபைபரைக் கழற்றச் சொல்லுங்கள். முனையைத் தொடவோ கண்ணுக்கு நேரே பிடிக்கவோ கூடாது. கழற்றிய பிறகு கேமரா, பொத்தான், கேட் ஒவ்வொன்றையும் வெளியே நின்று மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். மறுப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் நிறுவுநரைக் கேட்டபோது, "சார், டெமோவில் வேலை செய்ததை நீங்களே பார்த்தீர்களே" என்றார். அதன்பிறகு அழைப்பை எடுக்கவில்லை. பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, மதிப்பீட்டுத் தாள், அவருடைய வாட்ஸ்அப் வாக்குறுதிகள் அனைத்தையும் எடுத்துவைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். நேற்று ஒருவரை அனுப்பி, சிம் பணத்தை மட்டும் திருப்பித் தருவதாகவும் இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டார். அம்மா கதவருகே நின்று முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.