பழைய மரப் பீரோவை பாலிஷ் கடைக்கு அனுப்பப் போகிறீர்களா? என் அனுபவத்தைப் படித்துவிடுங்கள்

பாட்டியின் தேக்கு பீரோவை பாலிஷுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்ததில் முன்பக்கம் மட்டும்தான் தேக்கு. பின்பலகை முழுக்க வேறு மரம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

திருச்சியில் எங்கள் வீட்டு கார் ஷெட்தான் என் பட்டறை. ஸ்டூல், ஊஞ்சல் பலகை, சாய்வு நாற்காலி என்று சின்னச் சாமான்களை நானே சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்கு பாலிஷ் ஏற்றிவிடுவேன். பீரோவுக்கும் கதவு இரண்டையும் கழற்றி, மூன்று வாரம் உட்கார்ந்து பழைய பெயின்டை எடுத்தேன். ஆனால் ஆறடி உயரக் கூட்டைப் புரட்டிப் போட என் ஒருத்தியால் முடியவில்லை. கால் ஒன்று வேறு ஆடியது. சரி, மீதியைக் கடையில் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் தவறு.

கடைக்காரர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "கையாலதான் அரக்கு பாலிஷ் போடுவோம்க்கா, ஸ்பிரே எல்லாம் கிடையாது" என்றார். 18,500 ரூபாய்க்குப் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். பின்பலகையின் உள்பக்கம் பாட்டி பென்சிலால் எழுதிவைத்த பால் கணக்கு இருந்தது. தேதியும் படி அளவும் வரிசையாக இருக்கும். அதைத் தொடவே வேண்டாம், உள்ளே பாலிஷும் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.

ஐந்து வாரம் கழித்து பீரோ வந்தது. வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு. உள்ளே அடர்பழுப்பு நிறம் ஏற்றியிருந்தார்கள். பால் கணக்கைக் காணோம். கேட்டதற்கு, "பசங்க தெரியாம தேச்சுட்டாங்கக்கா, மன்னிச்சுக்கங்க" என்றார். அன்று இரவு அழுதேன். ஆனால் எழுத்து போய்விட்டது என்றுதான் அழுதேன். பலகையே போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

ஆவணியில் பீரோவுக்குக் கீழே மாவு கொட்ட ஆரம்பித்தது. கோலமாவை விடச் சன்னம், முகப் பவுடர் போல. துடைத்தால் மறுநாள் மறுபடி கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்பலகையில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. இப்படிப் பவுடராகக் கொட்டவைக்கும் துளைப்பான் வண்டு, மாவுச்சத்து உள்ள மரத்தைத்தான் தேடிப் போகும். தேக்கின் வைரப் பகுதியை, அதாவது நடுவில் இருக்கும் கெட்டி மரத்தை, அது பெரும்பாலும் தொடாது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால், மருந்தேற்றாத ரப்பர் பலகை என்றால் அதற்கு விருந்து. இன்னொன்று, நாம் பார்க்கும் துளை வண்டு உள்ளே போன வழி அல்ல. புழு பல மாதம் உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி வெளியே வந்த வழி. அப்படியென்றால் பலகை என் வீட்டுக்கு வரும்போதே அதற்குள் முட்டையோ புழுவோ இருந்திருக்கலாம்.

தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டேன். எழுபது வயதுக்காரர். உளியால் ஓர் ஓரத்தில் லேசாகச் சீவினார். சாயத்துக்கு அடியில் வெளிறிய மஞ்சள். முகர்ந்து பார்க்கச் சொன்னார். தேக்கைச் சீவினால் எண்ணெய்ப் பிசுக்கோடு தோல் மாதிரி ஒரு வாசம் வரும். இதில் ஒன்றும் இல்லை. "காடியில சொருகியிருந்த பலகைய உருவிட்டு, சின்ன ஆணியடிச்சு ஒப்பேத்தியிருக்கான் தாயி" என்றார். காடி என்பது பலகையைச் சொருக மரத்தில் வெட்டும் பள்ளம். இழுப்பறையின் அடிப்பலகை இரண்டும் பிளைவுட்.

பாலிஷையும் சோதித்தேன். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மறைவான இடத்தில் வைத்தால் அரக்கு பாலிஷ் பிசுபிசுவென்று இளகும். இது அசையவில்லை. தின்னர் பட்டதும் கரைந்தது. ஸ்பிரேயில் அடித்த லாக்கர் என்ற பூச்சு.

நேரில் போய்க் கேட்டேன். "பழைய மரம்னா பூச்சி வரத்தான் செய்யும்க்கா, நாங்க பலகைய மாத்தவே இல்ல" என்று சாதித்தார். என்னிடம் இருந்தது "பீரோ பாலிஷ் 18,500" என்று எழுதிய துண்டுச்சீட்டு மட்டும். என்ன மரம், எத்தனை பலகை, எதுவும் அதில் இல்லை. நல்ல வேளையாக, பேத்தி பீரோவுக்குள் ஒளிந்து விளையாடியபோது எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் பின்னால் அகலமான ஐந்து பலகைகள் தெளிவாகத் தெரிகின்றன. இப்போது இருப்பவை எட்டு, குறுகலானவை.

அந்தப் படத்தோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போக வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐக் கூப்பிட்டும் சொல்லலாம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அவ்வளவு அகலமான, பல வருடம் காய்ந்து திருகாமல் நிற்கும் தேக்குப் பலகைக்குத் தனி விலை உண்டு. பீரோவின் முதுகு சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால் கொடுக்கும் முன் முதுகையும் அடியையும்தான் முதலில் படம் எடுங்கள். பலகைகளை எண்ணி அகலத்தை அளந்து சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கண்ணில் படாத ஓரத்தில் ஒவ்வொரு பலகைக்கும் உளியால் ஒரு குறி போடுங்கள். இழுப்பறை, தட்டு எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு கூட்டை மட்டும் அனுப்புங்கள். உள்ளே சாயம் ஏற்றுகிறேன் என்று சொன்னால் வேண்டவே வேண்டாம். சாயம் ஏறிவிட்டால் எந்த மரமும் தேக்குதான். அப்புறம், பகல் வெளிச்சத்தில் முதுகைத் திருப்பிப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வண்டு அரித்த பலகைகளைக் கழற்றி, மற்ற மரத்துக்குப் பரவாமல் பாலித்தீனில் இறுகக் கட்டி மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். ஆணையத்தில் காட்ட வேண்டும். பீரோ முதுகில்லாமல் ஷெட்டில் நிற்கிறது. கதவு இரண்டுக்கும் நானே அரக்கு போட்டு முடித்துவிட்டேன். இடித்த வீட்டு மரம் விற்கும் கடைகளில் பழைய தேக்குப் பலகை தேடிக்கொண்டிருக்கிறேன்.