மேசை மேல் ஒரு பிக் அண்ட் பிளேஸ் மெஷின்: சில ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

சின்ன அளவில் எலெக்ட்ரானிக்ஸ் போர்டு தயாரிக்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்த யோசனை வரும். ட்வீசரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ரெசிஸ்டராக எடுத்து வைப்பதை விட்டு, பாகங்களைத் தானே எடுத்துப் போர்டில் வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் மெஷின் ஒன்று வாங்கிவிட்டால் என்ன? நானும் அப்படித்தான் வாங்கினேன். மேசை மேல் அடங்கிவிடும் மலிவு விலை வகை. இரண்டு நாசில் (பாகத்தை உறிஞ்சித் தூக்கும் குழாய் நுனி), கீழ்நோக்கிப் பார்க்கும் கேமரா ஒன்று, மேல்நோக்கிப் பார்க்கும் கேமரா ஒன்று, ஓரங்களில் டேப் ஃபீடர்கள் (பாகங்கள் வரிசையாக அடுக்கிய நாடாவைத் தாங்கி, ஒவ்வொன்றாக முன்னே தருபவை). சில ஆண்டுகளாகத் தொடர்ந்து ஓட்டி வருகிறேன். வாங்கும் முன் யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விளம்பரத்தில் வராத விஷயங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மெஷின் நன்றாக வேலை செய்கிறது. திரும்பவும் வாங்குவேன். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று கணக்குப் போடும்போது பெரும்பாலோர் போர்டில் எத்தனை பாகங்கள் என்று எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது எத்தனை வகைப் பாகங்கள் என்பதை. இந்த மெஷினோடு வாழ்வதில் மற்ற எல்லாமே இந்த ஒரு எண்ணிலிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு கணக்கு பாருங்கள். 80 பாகங்கள் உள்ள போர்டு, 10 போர்டுகள் வேண்டும். மொத்தம் 800 பாகங்கள். கேமரா சரிபார்ப்போடு ஒரு பாகத்துக்கு நான்கு விநாடி என்று வைத்தால் 3200 விநாடி, ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதே போர்டில் 25 வகைப் பாகங்கள் இருந்தால் 25 ஃபீடர் ஏற்ற வேண்டும். டேப்பை நுழைத்து, மேல் உறையை உரித்துச் சுற்றில் மாட்டி, எடுக்கும் இடத்தைக் கேமராவில் சரிபார்த்து முடிக்க ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்றால்கூட 100 நிமிடம். வைக்கும் வேலையைவிட ஏற்றும் வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த மாதம் அதே போர்டைச் செய்யும்போது ஃபீடர்கள் ஏற்றியபடியே இருந்தால் அந்த 100 நிமிடமும் மிச்சம். மெஷின் தன் விலையைத் திருப்பித் தருவது அங்கேதான்.

அதனால்தான் பெட்டியில் எழுதியிருக்கும் ‘மணிக்கு இத்தனை ஆயிரம் பாகம்’ என்ற எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. அது பெரும்பாலும் சாதகமான சூழலில் அளந்தது: பாகம் பக்கத்திலேயே இருக்கும், கேமரா சோதனை குறைவாக இருக்கும், நாசில் மாற்ற வேண்டியிராது. நடைமுறையில் அதில் பாதிகூட வராது. ஆனால் சின்னத் தயாரிப்பாளருக்கு அந்த வேகம் தேவையும் இல்லை. மெஷின் நிதானமாக வைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்த போர்டுக்குப் பேஸ்ட் (பாகங்களைப் பற்றவைக்கும் சால்டர் குழம்பு) இழுக்கலாம், முந்தைய போர்டை ஓவனில் விடலாம். ஆள் அங்கேயே உட்கார்ந்து கண்ணை வலிக்கவைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே பெரிய விடுதலை.

இனி ஃபீடர். மலிவு மெஷின்களில் விலை குறைக்கப்படும் முதல் இடம் இதுதான். என்னிடம் இருப்பது இழுவை வகை. நாசில்களைத் தாங்கி நகரும் தலையில் உள்ள ஒரு ஊசி டேப்பின் ஓரத் துளைக்குள் இறங்கி, டேப்பை முன்னே இழுக்கும். இன்னொரு சின்ன மோட்டார் மேல் உறையை உரித்துச் சுற்றிக்கொள்ளும். எளிமையான ஏற்பாடு, டேப்பை இழுக்கத் தனித்தனி மோட்டார் வேண்டாம், அதனால் மலிவு. சிக்கலும் அந்த எளிமையிலிருந்தே வருகிறது. உரிக்கும் இழுவிசை கொஞ்சம் கூடினால் டேப்பும் சேர்ந்து நகரும். குறைந்தால் உறை தொங்கிப்போய்ப் பாகத்தை மூடிக்கொள்ளும். காகித டேப்பில் நார் பிரிந்து தூசியாக விழும். பிளாஸ்டிக் டேப்பில் உறை உரியும்போது நிலைமின்சாரம் உண்டாகி, சின்ன பாகங்கள் குழியிலிருந்து துள்ளி நிமிர்ந்து நிற்கும், சில உறையோடே ஒட்டிக்கொண்டு போகும். காற்று மிகவும் வறண்ட நாட்களில் இது அதிகம். மெஷினின் உடலை நிலத்தொடர்பு (எர்த்) செய்துவிட்டு, உரியும் கோணத்தைத் தட்டையாக மாற்றியதில் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது.

டேப்பின் அளவுகள் எல்லாம் இஐஏ-481 என்ற தரநிலையில் வரையறுக்கப்பட்டவை. அவற்றை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஓரத் துளைகள் 4 மி.மீ.க்கு ஒன்று, விட்டம் 1.5 மி.மீ. 8 மி.மீ. அகல டேப்பில் துளையின் மையத்திலிருந்து பாகக் குழியின் மையம் குறுக்கே 3.5 மி.மீ., நீளவாக்கில் 2 மி.மீ. தள்ளி இருக்கும். 0603 என்ற அளவுக் குறியீடு கொண்ட பாகங்கள் 4 மி.மீ.க்கு ஒன்று வரும்; அதைவிடச் சிறிய 0402 பாகங்கள் 2 மி.மீ.க்கு ஒன்று. அதாவது 0402 டேப்பில் ஒரு துளை இழுத்தால் இரண்டு பாகங்கள் முன்னே வரும். மென்பொருளில் இதைச் சொல்லாமல் விட்டால் மெஷின் ஒன்றை எடுத்து ஒன்றை விட்டுவிட்டுப் போகும்.

ரீல் முழுதாக வாங்காமல் கொஞ்சமாக வெட்டி வாங்கும் டேப்புக்கு இந்த ஃபீடர்கள் சரிவராது. உறையைச் சுற்றில் மாட்டுமளவுக்கு நீளம் கிடைக்க முன்பக்கத்துப் பாகங்கள் பலவற்றை இழக்க வேண்டும். அதற்குச் சரியான தீர்வு பட்டை ஃபீடர். 3டி பிரிண்டரில் அச்சடித்த ஒரு நீள்பள்ளம், அவ்வளவுதான். டேப்பை அதில் செருகி, உறையை முழுதாக உரித்துவிட்டால் போதும். டேப் நகராது, நாசில்தான் ஒவ்வொரு குழியாக நகர்ந்து போகும். கேமரா ஓரத் துளைகளைப் பார்த்து மேலே சொன்ன அளவுகளை வைத்து இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அசையும் பாகமே இல்லாததால் பழுதுக்கும் இடமில்லை. போர்டுக்கு ஒன்றிரண்டே தேவைப்படும் ஐசி, கனெக்டர், கிரிஸ்டல் எல்லாவற்றையும் நான் பட்டை ஃபீடருக்கே மாற்றிவிட்டேன். இழுவை ஃபீடர்கள் எல்லாப் போர்டிலும் வரும் 10 கிலோஓம், 100 நானோஃபாரட் போன்றவற்றுக்கு மட்டும்.

இந்த இடத்தில்தான் மெஷின் என் சர்க்யூட் வரையும் முறையையே மாற்றியது. முன்பு ஒரு எல்இடிக்கு 470 ஓம், இன்னொன்றுக்கு 560 ஓம், புல்-அப்புக்கு (சிக்னல் கம்பியை உயர் நிலையில் பிடித்துவைக்கும் ரெசிஸ்டர்) 4.7 கிலோஓம், வேறிடத்தில் 10 கிலோஓம் என்று கணக்கில் வந்ததை அப்படியே போடுவேன். இப்போது நிரந்தரமாக ஏற்றிவைத்த மதிப்புகளின் பட்டியல் பக்கத்திலேயே இருக்கும். புல்-அப் எல்லாம் 10 கிலோஓம். எல்இடி எல்லாம் 1 கிலோஓம். 20 கிலோஓம் வேண்டுமென்றால் இரண்டு 10 கிலோஓம் தொடரில். பாகங்களின் எண்ணிக்கை கூடும், வகை குறையும். கையால் வைக்கும்போது வீண் வேலையாகத் தெரிவது மெஷினோடு லாபம்.

நாசிலும் கேமராவும் பற்றி. பல மலிவு மெஷின்கள் ஜூகி நிறுவனத்தின் பெரிய மெஷின்களுக்கான 500 வரிசை நாசில்களையே பயன்படுத்துகின்றன. தரமும் நன்று, எங்கும் கிடைக்கும். வாங்கப் போகும் மெஷின் அதற்கே உரிய வினோத நாசிலைக் கேட்டால் யோசியுங்கள். நாசில் நுனியில் பேஸ்ட் பட்டுக் காய்ந்தால் உறிஞ்சும் துளை சுருங்கும், பாகம் பாதி வழியில் விழும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்வதை வாரந்தோறும் செய்ய வேண்டும். பேஸ்ட் படுவதற்குப் பொதுவான காரணம் பாகத்தின் உயரத்தைத் தவறாகக் கொடுப்பது. 0603 ரெசிஸ்டரின் தடிமன் சுமார் 0.45 மி.மீ., அதே 0603 கெப்பாசிட்டர் சுமார் 0.8 மி.மீ. வரை இருக்கும். மேலிருந்து பார்க்க இரண்டும் ஒரே அளவு என்பதால் ஒரே உயரம் கொடுத்தால், ஒன்று பேஸ்டில் அழுந்திப் பக்கத்துக்குப் பிதுங்கும், அல்லது மற்றொன்று அந்தரத்திலிருந்து விழும்.

மேல்நோக்கிய கேமராவுக்கு வெளிச்சமே உயிர். நாசிலின் அடிப்பகுதி பளபளத்தால் எது பாகம், எது நாசில் என்று மென்பொருளுக்குப் பிரித்தறியத் தெரியாது. கேமராவைச் சுற்றிய எல்இடி வளையத்துக்கு மேல் ஒளியைப் பரவவிடும் வெள்ளைத் தகடு ஒன்று வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் நேரே விழாத இடத்துக்கு மெஷினை நகர்த்தினேன். அடையாளம் காண முடியாமல் நின்றுபோவது அதன்பின் அபூர்வம். போர்டில் 1 மி.மீ. வட்டச் செம்பு ஃபிடூசியல் (கேமரா போர்டின் இடத்தைக் கண்டுகொள்ளும் அடையாளப் புள்ளி) குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று வையுங்கள். பாகம் பற்றும் செம்புப் பேடுகளையே ஃபிடூசியலாகப் பயன்படுத்த முடியும்தான், ஆனால் பேஸ்ட் பூசிய பிறகு அவற்றின் ஓரம் மங்கிவிடும்.

துல்லியம் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். 20 பல் புல்லி, 2 மி.மீ. பல் இடைவெளி கொண்ட பெல்ட் என்றால் மோட்டார் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும். சுற்றுக்கு 200 ஸ்டெப், 16 மைக்ரோஸ்டெப் என்றால் ஒரு நகர்வு 0.0125 மி.மீ. இது கணக்கில் வரும் எண். பெல்ட் நீட்சி, இரு அச்சுகளும் செங்கோணத்திலிருந்து விலகியிருப்பது, திசை மாறும்போது வரும் தளர்வான அசைவு (பேக்லாஷ்) எல்லாம் சேர்ந்தால் அதைவிடப் பல மடங்கு பிழை வரும். 0603, 0805க்கு இது பொருட்டே அல்ல. ஓவனில் சால்டர் உருகும்போது பரப்பு இழுவிசை பாகத்தைத் தானே நடுவுக்கு இழுத்துவிடும். 0402ம் நன்றாகவே வருகிறது. 0.5 மி.மீ. இடைவெளிக் கால்கள் கொண்ட ஐசிக்குக் கேமரா சீரமைப்பு கட்டாயம், வேகத்தையும் பாதியாகக் குறைக்கிறேன். அதைவிட நெருக்கமானவற்றை இன்னும் கையால்தான் வைக்கிறேன்.

பாகத்தின் சுழற்சிக் கோணம் தனித் தலைவலி. டிசைன் மென்பொருள் தரும் கோப்பில் ஒரு பாகத்தின் 0 டிகிரி ஒரு திசை. டேப்பில் அது படுத்திருக்கும் திசை வேறு. ஒரே பேக்கேஜ் (வெளியுறை வடிவம்) கொண்ட ஐசியை இரு நிறுவனங்கள் இரு திசையில் டேப்பில் அடுக்குவதும் உண்டு. ரெசிஸ்டருக்குப் பரவாயில்லை, டயோடுக்கும் ஐசிக்கும் இது போர்டையே கெடுக்கும். ஒவ்வொரு புதிய பாகத்துக்கும் ஒருமுறை சரியான கோணத்தைக் கண்டு மென்பொருளின் பாக நூலகத்தில் பதிந்துவிட்டால் பிறகு கவலையில்லை. புதிய வேலையின் முதல் போர்டைப் பேஸ்ட் இல்லாமல் இரட்டைப் பக்க ஒட்டு டேப்பின் மேல் ஓடவிட்டு, லென்ஸில் ஒவ்வொரு முதல் காலையும் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடங்குவது என் வழக்கம்.

மெஷினோடு வந்த மென்பொருளைச் சில மாதங்களில் விட்டுவிட்டேன். மூடிய மென்பொருள், அரைகுறை மொழிபெயர்ப்பு, பிழை வந்தால் ஏன் என்று சொல்லாது. இப்போது ஓப்பன்பிஎன்பி. ஜாவாவில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். படத்தை அலச ஓப்பன்சிவி நூலகத்தைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு நிலைக்கும் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து போய்ச் சேர்வதன் மூலம் பேக்லாஷை ஈடுகட்டும் வசதி இதில் உண்டு. அமைத்து முடிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் கேமரா என்ன பார்த்தது, ஏன் நிராகரித்தது என்று படமாகவே காட்டும். ஒரு கருவியைப் பல ஆண்டு வைத்திருக்கப் போகிறவருக்கு அதைவிட மதிப்பான வசதி எதுவும் இல்லை என்பது என் கருத்து. மெஷினையும் சேர்த்துத் திறமூலமாக வேண்டுபவர்களுக்கு ஓபுலோ நிறுவனத்தின் லூமன்பிஎன்பி இருக்கிறது. வரைபடங்கள் வெளிப்படையாகக் கிடைப்பதால் உடைந்த பாகத்தை நீங்களே அச்சடித்துக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போர்டில் வரும் குறைகளில் பெரும்பகுதி மெஷினுடையது அல்ல, பேஸ்டுடையது. ஸ்டென்சில் (பேஸ்ட் பூசுவதற்கான துளையிட்ட மெல்லிய தகடு) சரியாகப் பதியாவிட்டால் எவ்வளவு துல்லியமாக வைத்தும் பயனில்லை. பேஸ்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, திறக்கும் முன் அறை வெப்பத்துக்கு முழுதாக வரவிடுங்கள்; குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் ஈரம் படிந்து ஓவனில் உருண்டைகளாகத் தெறிக்கும். மெஷினுக்குச் செலவிடும் முன் நல்ல ஸ்டென்சில் சட்டத்துக்குச் செலவிடுங்கள்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. தண்டவாளங்களைத் துடைத்து எண்ணெய் விடுவது, பெல்ட் இறுக்கம் பார்ப்பது, வேக்குவம் வடிகட்டி மாற்றுவது. தேய்ந்தவை பம்ப்பின் டயஃப்ரமும், தலையோடு சேர்ந்து ஓயாமல் வளையும் கேபிளும். கேமரா படம் விட்டுவிட்டு வந்தால் முதலில் அந்தக் கேபிளைச் சந்தேகியுங்கள்.

மாதிரிக்கு ஒன்றிரண்டு போர்டு மட்டும் செய்பவர்கள் வாங்க வேண்டாம்; ஃபீடர் ஏற்றும் நேரத்தில் கையால் வைத்து முடித்துவிடலாம். ஆயிரக்கணக்கில் வேண்டுபவர்கள் வெளியே கொடுப்பதே நல்லது. இரண்டுக்கும் நடுவில், அதே சில போர்டுகளைத் தேவைக்கேற்பத் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கு இது சரியான கருவி. வாங்குவதாக முடிவு செய்தால் மெஷினோடு சேர்த்தே சின்ன நாசில்கள் கூடுதலாக ஒரு தொகுதி, பம்ப்புக்கு ஒரு டயஃப்ரம், தலைக் கேபிள் ஒன்று, இழுக்கும் ஊசிகள் சில ஆகியவற்றை வாங்கி வையுங்கள். இவை தேயும்போது நடுவில் ஒரு வேலை பாதியில் நிற்கும், தபாலில் வரும்வரை ஸ்டென்சில் இழுத்த பேஸ்ட் காத்திருக்காது.