மோட்டார்ஹோமில் டிஸ்க் கோல்ஃப்: வண்டியைத் திருப்பி விடும் நாளில் நீட்டப்படும் பட்டியல்

வாடகை மோட்டார்ஹோமில் (படுக்கை, கழிப்பறையோடு ஓடும் வீட்டு வண்டி) ஊர் ஊராகப் போய் டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசிக் கூடையில் விழ வைக்கும் ஆட்டம்) ஆடுகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஆடும் இடத்தில் அல்ல, வண்டியைத் திருப்பி விடும் அன்று. முன்பணம் முழுதாகக் கைக்கு வராது. கேட்டால் பட்டியல் நீளும்: கூரையில் கீறல், கழிப்பறைத் தொட்டி காலி இல்லை, காஸ் நிரப்பவில்லை, ஜெனரேட்டர் கூடுதல் மணிநேரம், ஃபிரிட்ஜ் குளிரவில்லை. இதில் சில, சாவி உங்கள் கைக்கு வருமுன்பே இருந்தவை. சில உண்மையாகவே உங்கள் பயணத்தில் நடந்தவை. அவற்றுக்கும் காப்பீடு கைகொடுக்காது என்பதை யாரும் முன்னால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வகையை முதலில் பார்ப்போம், அதுதான் இந்த ஆட்டத்தோடு ஒட்டியது. கோர்ஸ் என்கிற டிஸ்க் கோல்ஃப் ஆடுதளங்கள் பலவும் மரக்கூட்டத்துக்குள், பூங்காவின் கடைசி மூலையில், சரளைப் பாதையின் முடிவில் இருக்கும். கவுன்டரில் "ஃபுல் கவர்" என்று விற்கப்படும் திட்டங்களில் பலவற்றில் கூரை, அடிப்பாகம், டயர், கண்ணாடி, ஆனிங் என்கிற நிழல்துணி ஆகியவை சேராது. சிலவற்றில், தார் போடாத பாதையில் இறங்கினாலே மொத்தக் காப்பும் போய்விடும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி "எல்லாம் கவர் ஆகுமா?" அல்ல. "சரளைப் பாதையில் போகும்போது கிளை உரசிக் கூரை கிழிந்தால் யார் பணம் கட்டுவது?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாயால் வந்த பதில் கணக்கில் வராது.

கூரை அடிபடுவதற்குப் பொதுவான காரணம் உயரத்தைத் தப்பாக எடுத்துக்கொள்வது. ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை உள்ள வகை வண்டிகள் பெரும்பாலும் 3 மீட்டருக்கு மேல்தான். தாளில் எழுதியிருக்கும் உயரத்தில் கூரை ஏசிப் பெட்டி சேர்ந்திருக்கிறதா என்று யாரும் சொல்வதில்லை. நீங்களே டேப் வைத்து ஏசியின் உச்சிவரை அளந்து, 15 சென்டிமீட்டர் கூட்டி, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். அடுத்தது பின்வால். பின் அச்சுக்குப் பின்னால் உடல் வெகுதூரம் நீண்டிருப்பதால், இடப்பக்கம் ஒடித்துத் திருப்பும்போது வாலின் வலது மூலை வெளியே வீசும். கோர்ஸ் வாசலில் கார்களைத் தடுக்க நட்ட மரக்கட்டைகளும் பாறைகளும் சரியாக அந்த வால் மூலை இடிக்கும் உயரத்தில்தான் நிற்கும்.

நிறுத்தும் இடத்திலும் கவனம் வேண்டும். ஆடுகிறவர்களில் அதிகம் பேர் வலது கையால் பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளியே வீசுவது) வீசுகிறவர்கள். அவர்கள் டிஸ்க் வேகம் குறையும்போது இடப்பக்கம் சாயும். பிடி நழுவாமல் தாமதமாக விட்டுவிட்டால், முதல் வீச்சு வீசும் இடமான டீயிலிருந்தே வலப்பக்கம் பறக்கும். ஆக, கூடைக்கு அருகே என்றால் ஃபேர்வேயின் (டீக்கும் கூடைக்கும் இடையிலான பாதை) இடப்புறமும், டீக்கு முன்னால் என்றால் வலப்புறமும் வண்டி நிற்கக் கூடாது. தூரம் போக வீசும் டிரைவர் வகை டிஸ்க், 170 கிராம் உள்ளது, ஒன்று நேராக வந்து பட்டால் ஃபைபர் பக்கச்சுவரில் விரிசல் விழலாம், பின்விளக்கு உடையலாம். வீசியவர் யாரென்று தெரியாமலே போகலாம். பில் உங்களுக்குத்தான்.

ஃபிரிட்ஜ் விவகாரம் பலருக்குப் புரிவதே இல்லை. காஸிலும் ஓடும் பழைய முறை ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. அம்மோனியாக் கரைசல் தன் எடையால் வழிந்துதான் சுற்றும். சரிவான இடத்தில் வண்டியை விட்டு, ஃபிரிட்ஜை ஓடவிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் 18 கூடை ஆடப் போனால் கரைசல் ஓரிடத்தில் தேங்கி, சூடேறி, உள்ளே உப்பு படிந்து குழாய் அடையும். ஒரே நாளில் கெடாது. முன்னால் எடுத்த பத்துப் பேர் செய்த வேலை உங்கள் தலையில் முடியும். சமமட்டம் பாருங்கள், சரிவு என்றால் அணைத்துவிட்டுப் போங்கள். வண்டியை வாங்கும் முன் ஃபிரிட்ஜ் ஏற்கெனவே சில மணி நேரம் ஓடிக் குளிர்ந்திருக்கிறதா என்று உள்ளே கைவைத்துப் பாருங்கள். "போகப் போகக் குளிரும்" என்றால் அதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இனி, ஏற்கெனவே இருந்த பழுதுகள். வாங்கும் இடத்தில் அவசரப்படுத்துவார்கள், பின்னால் இன்னொரு வாடிக்கையாளர் காத்திருப்பதாகவும் சொல்வார்கள். இருக்கட்டும். வெட்டாத ஒரே வீடியோவாக வெளிப்பக்கம் நான்கு மூலை, அடிப்பாகம், கண்ணாடி, கூரை எல்லாவற்றையும் எடுங்கள். கூரைக்கு ஏணி தர மறுத்தால் கவலை வேண்டாம். குளத்தில் விழுந்த டிஸ்க்கை எடுக்க நாம் வைத்திருக்கும் நீட்டுக் கோலின் முனையில் போனைக் கட்டிப் பிடித்தால் போதும். விரிசல் விட்ட சீலன்ட் (இணைப்புகளில் நீர் புகாமல் அடைக்கும் பசை), ஏசி மூடியின் உடைசல் எல்லாம் பதிவாகிவிடும்.

ஜெனரேட்டர் மணி மீட்டரையும் ஓடோமீட்டரையும் ஒரே வீடியோவில் காட்டுங்கள். கழிப்பறைத் தொட்டியின் அளவு காட்டும் விளக்குகளை நம்ப வேண்டாம். உள்சுவரில் காகிதம் ஒட்டியிருந்தாலே காலித் தொட்டி முக்கால் நிறைந்ததாகக் காட்டும். வாங்கும்போது கழிப்பறையின் அடித்தட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். திருப்பி விடும்போது அந்தக் கருப்புத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு குளியல் தண்ணீர் வரும் சாம்பல் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவிக்கொள்ளும். முடிந்ததும் டார்ச் வீடியோ இன்னொன்று.

காஸ் விஷயத்தில் நடப்பது சுத்தமான ஏமாற்று. திரவ புரொப்பேன் வெப்பத்தில் விரிவதற்கு இடம் விட்டு, தொட்டியை 80 சதவீதம்வரைதான் நிரப்புவார்கள். சதவீதம் காட்டும் கேஜில் முழுத் தொட்டி என்றால் 80தான். "நூறு இல்லை, மீதிக்குப் பணம்" என்று பில்லில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நிரப்பிய ரசீதைக் காட்டி, அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் டயர் தயாரான வாரமும் ஆண்டும்: 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதைவிட, நின்றே வயதாகி வெடிப்பதுதான் அதிகம். ஏழு வருடம் தாண்டியிருந்தால் வேறு வண்டி கேளுங்கள். இலக்கம் வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் குனிந்து பார்க்கத்தான் வேண்டும். வீட்டுப் பகுதிக்கு மின்சாரம் தரும் உள்பேட்டரி ஈய அமில வகையென்றால், சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.1 பக்கம் இறங்கினால் பாதிதான் மிச்சம், முதல் இரவே ஹீட்டர் விசிறி நின்றுவிடும்.

தங்கி ஆடும் தனியார் இடங்களில் வேறு வகை. "18 ஹோல்" என்று விளம்பரம் இருக்கும், போய்ப் பார்த்தால் ஒன்பது கூடை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு டீ. இது பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. கூட்ட நாளில் எதிரெதிர்க் குழுக்கள் ஒரே கூடைக்குக் காத்து நிற்கும். பணம் கட்டுமுன் கூடை எத்தனை, டீ எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆடுகிறவர்கள் கோர்ஸ்களை மதிப்பிடும் யூடிஸ்க் செயலியில் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, கடைசி மாதக் கருத்துகளை மட்டும் படியுங்கள். கூடைகளைக் கழற்றி வைத்துவிட்டார்களா, புல் முட்டளவுக்கு வளர்ந்துவிட்டதா என்பது அங்குதான் தெரியும். "மின் இணைப்பு உண்டு" என்பது கொட்டகையில் தொங்கும் ஒற்றை வீட்டு சாக்கெட்டாகவும் இருக்கலாம், அதில் ஏசி போட்டால் ஃப்யூஸ் போகும்.

கோர்ஸ் வாசலில் விற்கும் பழைய டிஸ்க் மூட்டைகளைப் பற்றியும் சுருக்கமாக. அடிவட்டத்தில் பேனாவால் எழுதிய எடையை நம்பாமல் சமையல் தராசில் வையுங்கள். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம்தான் உச்சம். அதாவது 21.2 சென்டிமீட்டர் டிரைவர் 176 கிராமைத் தொடக்கூடாது. "180" என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். மேஜையில் கவிழ்த்து அழுத்துங்கள், ஆடினால் வளைந்த டிஸ்க். பெயர் அழித்த நிழல் தெரிந்தால், மங்கிப் பால் நிறம் படிந்திருந்தால், குளத்திலிருந்து வந்தது. சொந்தக்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். விரிசல் இருந்தால் போட்டியில் செல்லாது. விளிம்பு உராய்ந்து மழமழப்பானது, வலது கை பேக்ஹேண்டில், புதிதில் இருந்ததைவிட வலப்பக்கம் அதிகம் திரும்பும், பறக்கும் விதத்தைச் சொல்ல டிஸ்க்கில் அச்சிட்ட நான்கு எண்கள் அதற்குப் பொருந்தாது.

முன்பணத்தில் பிடித்தம் வந்தால், பொத்தாம்பொதுவான "சேதக் கட்டணம்" என்ற வரியை ஏற்காதீர்கள். எந்தப் பாகம், யார் பழுது பார்த்தார், உழைப்பு எத்தனை மணி என்று பணிமனை பில்லைக் கேளுங்கள். வண்டி மறுநாளே அதே பழுதோடு இன்னொருவருக்குப் போயிருந்தால் அந்த பில் இருக்காது. அட்டையில் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபணை தெரிவிக்கும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் "பார்த்துச் சொல்கிறோம்" பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிட வேண்டாம். வாங்கும்போதும் திருப்பி விடும்போதும் எடுத்த வீடியோக்களைப் பிடித்தம் வந்த அன்றே நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.